ஏழாம் அத்தியாயமும் அப்பாவின் கண்களும்

கோட்டிங்கன்,
14 நவம்பர் 1934

அன்புள்ள எபர்ஹார்டுக்கு,

இவர்கள் கையில் சிக்காமல் எல்லை தாண்டிப் போன நீ சூரிக்கில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. ஆன்னா சித்தி கையோடு கொண்டுவருகிறாள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூனில் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஹிர்ஷ்லாந்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டைக் காட்டிக்கொடுத்து முன்னால் நின்றவன் உன் தம்பி வின்ஃப்ரீட், ஆளும் கட்சிப் படையின் பழுப்புச் சட்டையில். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்தார். மறுநாள் காலை, "லுயீஸே, ஏன் இவ்வளவு இருட்டா வெச்சிருக்கே? திரையை விலக்கு" என்றார். திரை விலகித்தான் இருந்தது.

கண் மருத்துவர் மூன்று முறை சோதித்தார். "கண்ணுல ஒரு பழுதும் இல்லை. மனசுதான் பார்க்க மாட்டேங்குது. அதுக்கு என்கிட்ட சொட்டு மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அப்பா எழுதிவந்த நாவல் மட்டும் நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஏழாம் அத்தியாயம், வேதாகமத்தில் வரும் கண் மங்கிய தகப்பனைப் பற்றியது. இளைய பிள்ளை அண்ணனின் கைபோல ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்குவானே, அது. முதுமையால் கிழவரின் கண் மங்கவில்லை, வீட்டில் நடப்பதைக் காணச் சகிக்காமல் தானே இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார் என்று அப்பா சொன்னதும் என் விரல்கள் நின்றுவிட்டன. யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆதிகாலத்துக் கதை, லுயீஸே. திரும்பத் திரும்ப நடக்கும்."

"நடக்கட்டும்னு நீங்க கண்ணை மூடிக்குவீங்க. யார் வந்து தட்டினாலும் நான்தானே கதவைத் திறக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் தட்டச்சுப் பக்கமே நான் போகவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது, மகனே.

ஞாயிற்றுக்கிழமை வின்ஃப்ரீட் வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெகு பணிவாகப் பேசினான். "அண்ணன் வந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா, நான் பொறுப்பு. உடம்பு முடியலை, வான்னு நாலு வரி சொல்லுங்க. அம்மா டைப் அடிச்சுத் தரட்டும்."

அப்பா அவன் கையைப் பிடித்து வெகுநேரம் தடவினார். காபிப் பாத்திரத்தோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"குரல் என் பிள்ளையோடதுதான். இந்தக் கை யாரோடதுன்னு தெரியலை" என்றார்.

வின்ஃப்ரீட் கையை உருவிக்கொண்டு எழுந்தான். வாசலில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஆறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த முகம். அவனையும் நான்தானே பெற்றேன்.

அன்று மாலையே அந்த அத்தியாயத்தைக் கிழிக்கச் சொன்னார் அப்பா. "கிழவனுக்கு எல்லாம் தெரியும்னு எழுது. தெரிஞ்சேதான் ஆசீர்வாதம் பண்ணத் தலையில கையை வெச்சான்."

திங்கள் காலை அவருக்குப் பார்வை வந்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. பூட்டிய எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், சாப்பிடவில்லை. நேற்று மேலங்கியைப் போட்டுக்கொண்டு தனியாகக் காவல் நிலையத்துக்குப் போய், ஹிர்ஷ்லாந்த் எங்கே என்று கேட்டிருக்கிறார். உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். நாளையும் போவாராம். நான் தடுக்கவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரச்சொல்லி எந்தக் கடிதம் வந்தாலும் நம்பாதே. அப்பா பெயரில் வந்தாலும், என் கையெழுத்திலேயே வந்தாலும், நான் செத்துப்போனேன் என்று எழுதியிருந்தாலும் வராதே.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். உன் தம்பியையும்.

உன் அம்மா,
லுயீஸே