கோஃபியின் முகத்தை வெளுத்தது

மாசி 9, ஞாயிறு

இன்று வெட்கமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. காஞ்சிரங்குளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து விளையாட வந்திருக்கும் கானா நாட்டு ஆட்டக்காரர்களைப் போன வாரம் முழுக்கத் தெருவில் படம் எடுத்தேன். மரச்சீனிக் கிழங்குக்குப் பேரம் பேசுவதையும் ஒருவருக்கொருவர் முடி வெட்டிவிடுவதையும் எடுத்தேன். இன்று காலை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோஃபி தன் படத்தை வெகுநேரம் பார்த்தான். மூன்று சீசனாக இங்கே இருப்பவன், நம் பேச்சு நன்றாகவே வரும்.

"சேச்சி, இது ஆராக்கும்?"

"நீதான் மக்கா."

"நான் இல்ல. இத அனுப்பினா எனக்க அம்மை, மவன் எங்கேன்னு கேக்கும்."

அப்போதுதான் உறைத்தது. ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் பெண்களைக் கம்ப்யூட்டரில் வெளுத்துப் பழகிய கை, அவனையும் கேட்காமலே வெளுத்திருக்கிறது. கூட்டாளிகள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

உடனே ஸ்டுடியோவுக்கு ஓடி, எடுத்தது எடுத்தபடியே மறுபடி பிரிண்ட் போட்டேன். அந்தக் கறுப்பில் வெயில் என்னமாய் மினுங்குகிறது. சாயங்காலம் கொடுத்தபோது கோஃபி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இப்போ அம்மைக்கு என்னைய அடையாளம் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் தொங்கும் என் கல்யாணப் படத்தின் முன்னால் நின்றேன். அதில் இருப்பவளை எங்கள் அம்மைக்கே தெரியாது. அவளையும் நான்தான் வெளுத்தேன்.

ஒரிஜினல் ஃபைல் என்னிடம் உண்டு. நாளைக்குப் போடும் முதல் பிரிண்ட் எனக்குத்தான்.