உன் தலைமேல் கிடக்கிற சத்தியம்

கோவில்பதாகை,
ஞாயிறு மத்தியானம்

நிர்மல் கண்ணுக்கு,

அம்மாவின் ஆசிகள். நலமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள்தான் வீடியோவில் பார்த்தேனே, கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. அடுத்த தெரு கோகுல்நாத் உங்கள் ஊருக்கு வருகிறானாம். அவனிடம் பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறேன், கடிதம் அதற்கு அடியில் இருக்கும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நீ போன் போட்டால் முதலில் வந்து உட்காருகிறவர் உன் அப்பா. என் போனாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போடு என்கிறார். இந்த இரண்டு ரூம் வீட்டில் நான் எங்கே ஒளிந்து பேசுவது?

அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்பதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டரம்மா முதல் நாளே கேட்டார். ஒரு பக்கம் உன் அக்கா கனி, ஒரு பக்கம் நான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே விட்டுவிட்டேன், அதுவும் சும்மா ஒன்றிரண்டுதான் என்றார். அந்த அம்மாவும் நம்பிவிட்டார்.

அங்கேதான் சிக்கல். புகைக்காதவருக்கு வருகிற புற்றில் பெரும்பாலும் ஒரு மரபணுதான் முக்கியமாகக் கெட்டிருக்குமாம், அதற்கென்று மாத்திரை இருக்கிறதாம். வருஷக்கணக்கில் புகைத்தவருக்கு மரபணுவில் ஏகப்பட்ட இடம் பழுதாகியிருக்குமாம். அந்த மாத்திரை பொருந்துவது குறைவு. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற ஊசி அவர்களில் சிலருக்கு நன்றாகக் கேட்கிறதாம். அப்பாவிடம் எடுத்த சதை பரிசோதனைக்குப் போதவில்லை, மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை அந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைத் தொடக் கூடாது, அதற்குப் பின்னால் மாத்திரை கொடுத்தால் ஆபத்து என்கிறார் டாக்டரம்மா. புகைத்தவராக இருந்தால் இவ்வளவு காத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். இங்கே இவருக்கு மாடிப்படி ஏறவே மூச்சில்லை.

புகைத்தவர்தான், நிர்மல். ஷிப்ட் முடிந்து ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றுவிட்டு, வாய் நிறைய ஏலக்காயோடு வருவார். சட்டை துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ரிட்டயரான பிறகும், போன பொங்கல்வரைக்கும் இதே கூத்துதான்.

குழந்தையில் உனக்கு இளைப்பு வந்து மூச்சுக்குத் தவித்தாய். ஆஸ்பத்திரியில் உன் தலையில் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்று இவராகவே சத்தியம் செய்தார். நேற்று ஸ்கேனுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, தனியாக இருக்கிற சமயம் பார்த்துக் கேட்டே விட்டேன், டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்களேன் என்று. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் வாயால ஒத்துக்கினா அது புள்ள தலையில வுழும்டி. நான் போனா போறேன், வுடு."

கோபத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நானே சொல்கிறேன் என்று, அவரை ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப்போன சமயம் டாக்டரம்மா அறைக்குள் போனேன். உன் முகம் வந்து முன்னால் நின்றது. மோர் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் பிள்ளை, மூடிக்கொண்டால் புருஷன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். கனிக்குத் தெரிந்தால் அப்பாவிடம் சண்டைக்குப் போவாள். அவமானத்தில் இவர் இன்னும் இறுகிப்போவார்.

அதனால் நீதான் பேச வேண்டும். வீடியோவில் வந்து, எல்லாம் எனக்குத் தெரியும் அப்பா, இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று சிரித்துக்கொண்டே சொல். அந்தச் சத்தியத்தை விட்டுவிடச் சொல். நீ சொன்னால் கேட்பார். டாக்டரம்மாவுக்கும் நீயே போன் போடு. நாளைத் தள்ளாதே, அவருக்கு நாள் இல்லை.

இதெல்லாம் மூட நம்பிக்கை என்பாய். எனக்கும் தெரியும். இருந்தாலும் அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால், அம்மாவுக்காக, ஒரு டாக்டரிடம் போய் உன் உடம்பை ஒருதரம் காட்டிவிடு கண்ணா. நீ நூறு வயசு இருக்கணும்.

உன் அம்மா