கேள்விக்குப் பின் நீ காத்திருந்த நேரம்

உன் ஹெட்போன் பஞ்சில் இன்னும் நீலகிரித் தைலம் மணக்கிறது. காதில் மாட்டியதும் கண் கரித்தது. சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்க உட்காரும் முன் தொண்டையில் தடவிக்கொள்வாயே, அந்தக் கையோடுதான் இதையும் மாட்டியிருக்கிறாய்.

இதையும் ஹார்டு டிஸ்க்கையும் ஒரு துணிப்பையில் போட்டு உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "பசங்க போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இத எப்படி அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார். வேலூர் ஆஸ்பத்திரியில் நீ கண்மூடி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காபி போடுகிறேன் என்றேன். நிற்காமல் போய்விட்டார்.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரியாக உன்னோடு எத்தனை வருடம் சாப்பாடு பகிர்ந்திருக்கிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிறாய் என்பது தெரியும். ஞாயிறு காலையில் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு பீரோ அறைக்குள் இருப்பாய். பௌர்ணமி கிரிவலம் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் உனக்கு எரிச்சல். "ரோடு பூரா ஸ்பெஷல் பஸ்ஸு. இந்த ஹாரன்ல எத்த படிக்கறது? வா, நாமளும் மலைய சுத்திட்டு வரலாம்" என்பாய்.

"ஏன்டி ஒவ்வொரு பாடத்தையும் ஒரு சினிமா சைசுக்கு வெச்சிருக்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "சின்னதாக்கறத எப்ப வேணா பண்ணலாம். சின்னதாக்கினத திரும்பப் பெருசாக்க முடியாதுல்ல" என்றாய். தேவைப்படும் பாடத்தை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். இப்போது மொத்தத்தையும் அவர்களுடைய போனில் அடங்குகிற மாதிரி சுருக்கும் வேலை எனக்கு வந்தது.

ஒவ்வொன்றாக மாற்றினால் முடிகிற காரியமில்லை. ஃபோல்டரை அப்படியே கொடுத்தால் எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கித் தருகிற சாஃப்ட்வேர் தேடினேன். முதலில் கிடைத்தது இலவசம் என்றது. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் ஆரம்பத்தை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்துக்குப் பணம் கேட்டது. அடுத்தது ஒரு இணையதளம். உன் குரலை முன்பின் தெரியாத யாருடைய கம்ப்யூட்டருக்கோ ஏற்ற மனசு வரவில்லை. மூன்றாவது எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றியது, தமிழில் நீ வைத்த பெயர்களை மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக்கிவிட்டது. எது வரலாறு, எது கணக்கு என்று ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நான்காவதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பளபளவென்று இருந்தது, பெயரையும் தொடவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட ஃபைல்கள் சிறுத்து வந்தன. பெருமையோடு ஒரு கணக்குப் பாடத்தைப் பரிதாவுக்கு அனுப்பினேன். உன் பாடங்களைக் கேட்டுப் படிக்கிற பெண்களில் அவள்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

உடனே போன் வந்தது. "அக்கா, இது மேடம் மாதிரியே இல்லக்கா."

"குரல் கெட்டுப்போச்சா?"

"குரல்லாம் சரியா கீது. ஆனா மேடம் கேள்வி கேட்டா நிப்பாங்க. நாங்க பதில் சொல்றவரைக்கும் பேச மாட்டாங்க. இதுல கேட்ட உடனே அவங்களே விடைய சொல்லிடறாங்க."

தேடிப் பார்த்தேன். மௌனத்தை வெட்டிவிடு என்று ஒரு கட்டம். நான் கேட்காமலேயே அதில் டிக் இருந்தது. பேச்சில்லாத இடமெல்லாம் வீண் என்று அது முடிவு செய்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பரிதா ஷேர் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "நானே பாக்கறேன்க்கா. இத்தன பாடம் கீது, ஒவ்வொன்னுக்கும் உங்கள தொந்தரவு பண்ண முடியாது" என்றாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை என் லேப்டாப்பில் போட்டாள். எனக்குப் பிடித்த அந்த நான்காவதைத் திறந்தால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் குரல் வந்தது. "எல்லாமே பட்டன்னா எத்தக்கா அமுக்கறது?" என்று சிரித்தாள். பிறகு, பழைய சாம்பல் நிறத்தில் இருக்கிறதே என்று நான் திறக்காமலே தள்ளிய ஒன்றைத் திறந்தாள். அது ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் சொன்னது. சோதித்தோம், பெயர்கள் அப்படியே வந்தன, மௌனத்தையும் தொடவில்லை. அதையே வைத்துக்கொண்டோம்.

இனி தரம் எவ்வளவு என்பதுதான் பாக்கி. குறைத்தால் போனில் இடம் மிஞ்சும். ஒரே கணக்கை மூன்று தரத்தில் மாற்றி நானும் உன் ஹெட்போனில் கேட்டேன். பேச்சில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நீ நிறுத்துகிற இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆர்வம் வந்து சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். சர்ர், சர்ர் என்று ஏதோ உரசல். பேப்பரில் பென்சில் ஓடுகிறது. நடுவில் ரொம்ப மெல்லமாக, "ஆறு மிச்சம்" என்று உன் குரல்.

பரிதாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "எங்களுக்குத் தெரியும்க்கா. மேடம் எங்ககூட சேந்து கணக்கு போடுவாங்க. ஒருநாள் அவங்க முடிக்கறதுக்குள்ள நான் முடிச்சிட்டேன், தனியா உக்காந்து கைதட்டிக்கினேன்."

கூட்டல் என்றாலே கால்குலேட்டரை என் பக்கம் தள்ளியவள் நீ. அவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளவா கையால் போட்டாய்? இல்லை, உனக்கே அது பிடித்துப் போயிற்றா? உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிகக் குறைந்த தரத்தில் பென்சில் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததில் கேட்டது. "போன்ல இருக்கற பாட்ட அழிச்சிக்கறோம்க்கா. இது இருக்கட்டும்" என்றாள் பரிதா. அந்தத் தரத்திலேயே எல்லாவற்றையும் அவளே மாற்றி முடித்தாள். நீ பதிவு செய்த பெரிய ஃபைல்களை அப்படியே உன் ஹார்டு டிஸ்க்கில் விட்டு உன் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். முதல் பாடத்தை மட்டும் அவர் போனிலும் போட்டுக் கொடுத்தேன். அன்று உட்கார்ந்து காபி குடித்தார்.

பரிதா முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த தேர்வுக்குப் படிக்கிறாள். நீ பாதியில் விட்ட புத்தகத்தை இப்போது நான் படித்துப் பதிவு செய்கிறேன். என் உச்சரிப்பில் அவர்களுக்கு ஆயிரம் குறை. போன வாரம் ஒரு வேலையாட்கள் கணக்கைப் படித்துவிட்டு நானும் பேப்பரில் போட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் விடையைச் சொன்னேன். மறுநாள் பரிதா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நாங்க எல்லாரும் முடிச்சிட்டு உங்களுக்காக உக்காந்துனு கீறோம். கொஞ்சம் சீக்கிரம் போடுங்க."