உங்க வீடியோவுல என் பேரு இல்லீங்க

ஏனுங்க,

குக்கர்ல அரிசிம்பருப்பு சாதம் இருக்குது, நெய் ஊத்திச் சாப்பிடுங்க. வண்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன். பதினொரு மணிக்கு உங்க சிநேகிதர் வளவன் வாராராம். உங்க வீடியோவைப் பாத்துட்டு, பழைய கம்ப்யூட்டர் கேம்ல எதை முதல்ல விளையாடறதுன்னு கேக்கணுமாம்.

நானும் அந்த வீடியோவை நேத்து ஆபீஸ்ல பாத்தேன். "காலேஜ் நாள்ல நானே விளையாடிக் கண்டுபிடிச்ச அஞ்சு கேம்"ங்கறீங்க. அஞ்சும் நான் உங்களுக்குச் சொன்னதுங்க. திருச்செங்கோட்டு ஹாஸ்டல்ல மத்த பிள்ளைங்க கேலி பண்ணப் பண்ண விளையாடினவ நான். "பூட்டுன கதவுக்கு கேம் செஞ்சவன் நாலு வழி வெச்சிருப்பான், நம்ம வழியை நாமதான் தேடணும்"னு கல்யாணமான புதுசுல சொன்னேனே, அதைக்கூட ஒரு வார்த்தை மாத்தாம சொல்லியிருக்கீங்க.

சாயங்காலம் கேட்டதுக்கு, "நாம ரெண்டு பேரும் வேற வேறயா?"ன்னு சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க. "என் ஊட்டுக்காரி சொன்னா"ன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

வளவனை 'தீஃப்'ங்கற திருடன் கேம்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க. யாரையும் வெட்டாம, விளக்கை அணைச்சு, இருட்டுல ஒதுங்கிப் போனாத்தான் அதோட ருசி தெரியும். துப்பாக்கி இல்லாம முடியாதுன்னா 'டியூஸ் எக்ஸ்'.

தமிழ்ச்செல்வி

இன்னொண்ணு: வீடியோவுக்குக் கீழ ஒருத்தர், "ரெண்டாவது கேம்ல காவக்காரனை எப்படித் தாண்டினீங்க?"ன்னு கேட்டு நாலு நாளாச்சு. நீங்க விளையாடவே இல்லை, எப்படிப் பதில் சொல்லுவீங்க? காலையில நானே என் பேருல எழுதிப் போட்டுட்டேன். அழிச்சுப்போடாதீங்க.