சிரட்டை இல்லாத வீடு

புதுக்கரை,
அம்பாசமுத்திரம் தாலுகா.
1912 ஆகஸ்டு 11

என் பிரியமுள்ள சாலோமிக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று எழுதினாலும் நம்பமாட்டேன். பாளையங்கோட்டையில் உன் பள்ளிக்கூட விடுதிச் சோற்றை ஒருநாள் தின்று பார்த்தவன் நான்.

தூத்துக்குடியில் நான் கப்பலைவிட்டு இறங்கிய அன்றைக்கு, "வீட்டை வீடாக்குங்கள், அப்புறம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்கிறேன்" என்றாய். ஆக்கிவிட்டேன். முன்னறையை நீ அடையாளம் கண்டுபிடிக்கமாட்டாய். எட்டு வருஷம் கொழும்பு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுத்த கை இது. அங்கே இருந்ததுபோல ஒரு பார் இப்போது நம் வீட்டில் இருக்கிறது.

பணம் ஏது என்று கேட்பாய். கொண்டுவந்த பணம் கூரைக்குச் சரியாகப் போயிற்று. மிச்சமெல்லாம் மூளை. ஊற்றுகிற மேசை, ஒரு வேதக்கோயிலில் ஏலம் விட்ட பழைய பெஞ்சு. காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தி, மேலே பலகை அடித்தேன். புட்டி அடுக்குகிற தட்டுகள் மண்ணெண்ணெய்ப் பெட்டிகள். மண்சுவர் உதிராமலிருக்கப் பின்னால் பத்தமடைப் பாய். ஓரம் கோணிப்போனது என்று சல்லிசாகக் கொடுத்தார்கள். நாற்காலிகள் கால் ஒடிந்து ஒரு பங்களாவின் பின்கட்டில் கிடந்தவை. கால் போட்டுப் பிரம்பு பின்னினேன். கண்ணாடித் தம்ளர்கள், விளிம்பு உடைந்ததென்று ஹோட்டலில் தூக்கி எறிந்தவை. ஈரமணல் போட்டுக் கல்லில் தேய்த்துவிட்டேன். இனி உதட்டை வெட்டாது.

சரக்கு ஒரு புட்டி பிராந்தி, ஒரு புட்டி ஜின். அவ்வளவுதான். ஆனால் தட்டு காலியாகக் கிடந்தால் பாருக்கு லட்சணம் இல்லை. லேபிள் கிழியாத காலிப் புட்டிகளில் தேயிலைத் தண்ணீரை ஊற்றிப் பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் தங்கம்! சோடா, அம்பாசமுத்திரம் அசன் முகம்மது கடையிலிருந்து. ஐஸுக்கு எங்கே போக? ஆற்றுமணலை நனைத்துத் தொட்டியில் கொட்டி, அதில் புட்டிகளைக் கழுத்துவரை புதைத்திருக்கிறேன்.

விற்கப்போவதில்லை. விற்றால் சர்க்கார் சேவகன் வருவான். சனிக்கிழமை சாயங்காலம் நம் தெரு ஆட்கள் வருவார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், கண்ணாடித் தம்ளரில் குடிப்பார்கள். ஊர்க் கள்ளுக்கடையில் என் அப்பா வேலிக்கு வெளியே குந்தித் தேங்காய்ச் சிரட்டையை நீட்டியதை நீயும் பார்த்திருக்கிறாய். தீட்டுப் படாதபடி கடைக்காரன் உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி மணலுக்குப் போகும். அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் காசு. இன்றைக்கும் அப்படித்தான். கொழும்பில் என் கையிலிருந்து எத்தனையோ துரைமார் வாங்கிக் குடித்தார்கள். ஒருவனும் சாகவில்லை.

எப்போது வருகிறாய்?

உன்
நேசையா


பாளையங்கோட்டை,
1912 ஆகஸ்டு 20

பிரியமுள்ள அத்தானுக்குச் சாலோமி எழுதுவது.

உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது தேயிலைத் தண்ணீருக்குச் சிரித்தேன். மறுபடி வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

வீட்டை வீடாக்கச் சொன்னேன். சமையலறையில் புகை போக வழி வைத்தீர்களா, பெண்பிள்ளை குளிக்க மறைப்புக் கட்டினீர்களா என்று ஒரு வரி இல்லை. கோயில் பெஞ்சில் பிராந்தி ஊற்றுவதை மட்டும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

என் அப்பாவை மறந்துவிட்டீர்கள். அறுவடைக் கூலி நெல் வீட்டுக்கு வராமல் கள்ளுக்கடைக்குப் போன வருஷங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அம்மாவை அவர் அடுப்படியில் போட்டு அடிக்கும்போது தடுக்கப்போய் வாங்கின தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. அம்மாவை அடக்கம்பண்ணின வாரத்தில்தான் மதுவைத் தொடுவதில்லை என்ற பிரதிக்கினையில் கையெழுத்துப் போட்டேன். எந்த வெள்ளைக்கார மிஸ்ஸம்மாளும் என்னைப் போடச் சொல்லவில்லை.

அப்பா உங்கள் பாருக்கு வருகிறாரா? அதை மட்டும் ஒளிக்காமல் எழுதுங்கள். அவருக்கு நீங்கள் ஊற்றிக் கொடுத்தால் நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சாலோமி


புதுக்கரை,
1912 செப்டம்பர் 29

பிரியமுள்ள சாலோமிக்கு,

சமையலறைக்குப் புகைவழி வைத்துவிட்டேன். குளிக்க மறைப்பும் கட்டியாயிற்று, கதவோடு. அந்தக் குறை நியாயம். அதனால்தான் வேலையை முடித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

பெஞ்சு விஷயத்தில் நீ சொல்வதை ஒப்பமாட்டேன். அது அந்தக் கோயிலில் முன்வரிசையில் கிடந்தது. நம் ஆட்கள் பின்னால் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, உட்காருகிற இடம் வேறு. கர்த்தர் கோபிப்பதானால் முதலில் அதற்குக் கோபிக்கட்டும்.

உன் அப்பா வருகிறார். ஒளிக்கமாட்டேன். முதல் சனிக்கிழமை நடந்ததைக் கேள். நாற்காலிகளெல்லாம் அறை நடுவில் நிற்க, வந்தவர்கள் அத்தனை பேரும் சுவரோரம் குந்திக்கொண்டார்கள்.

"மாமா, மேல இரிங்க" என்றேன்.

"நாக்காலி நமக்குத் தோதுப்படாது மாப்பிள. இடுப்பு தரையத் தேடுது."

"கீழ இருக்கவங்களுக்கு நான் ஊத்த மாட்டேன்."

"இது என்ன கொடும! அங்கன வேலிக்கு வெளிய குந்துனாத்தான் ஊத்துவான். இங்கன நாக்காலில ஏறுனாத்தான் ஊத்துவியளோ?"

அறையே சிரித்தது, ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வீட்டு இசக்கித்தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாம்புக்குப் பயப்படாம வயல்ல எறங்குதானுவ. நாக்காலியப் பாத்து நடுங்குதானுவ! தூ!" என்றாள். உன் அப்பாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்தார். நுனியில் உட்கார்ந்தார். வெள்ளத்தில் பரிசல் ஏறினவர்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் அவர் விழுகிறாரா என்று பார்த்திருந்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள்.

இங்கே ஒரு சட்டம் உண்டு. முதல் தம்ளரில்தான் சரக்கு. அடுத்தது எத்தனை கேட்டாலும் எலுமிச்சையும் இஞ்சியும் போட்ட சோடா. எலுமிச்சையும் கருப்பட்டியும் அவர்களே கொண்டுவருகிறார்கள். உன் அப்பா தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகிறார். மற்ற நாட்களில் கள்ளுக்கடைக்கும் போகிறார், பொய் சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமை போவதில்லை. நேற்று நன்றாகப் பின்னால் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். பிறகு யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறாய். மனிதர் நிமிர்ந்து உள்ளே வருகிற ஒரே வாசல் இந்த ஊரில் அதுதான்.

உன்
நேசையா


பாளையங்கோட்டை,
1912 அக்டோபர் 15

பிரியமுள்ள அத்தானுக்கு,

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸ்ஸம்மாள் கூப்பிட்டனுப்பினார்கள். என்னை உட்காரச் சொல்லவில்லை. "உன் புருஷன் மதுக்கடை வைத்திருக்கிறானாம். தட்டு நிறையப் புட்டியாம்" என்றார்கள். "கடை இல்லை அம்மா. இரண்டு புட்டிதான் மது. மற்றதெல்லாம் தேயிலைத் தண்ணீர்" என்றேன். நான் பரியாசம் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் புட்டிகள் அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் நான் வேலையைவிட்டுப் போகவேண்டும்.

கலெக்டர் விருந்துக்கு வரும்போது அவர்கள் மேசையிலும் சிவப்பாக ஒரு புட்டி நிற்கிறதை நான் பார்த்திருக்கிறேன். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அப்பா கால்மேல் கால் போட்ட பக்கத்தை மட்டும் மடித்து வேதப்புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனாலும் அவர் கையில் தம்ளரை நினைத்தால் எனக்கு அம்மா முகம்தான் வருகிறது. நீங்கள் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள், நான் அதற்குள் இருப்பதைப் பார்க்கிறேன். என்ன செய்ய?

பாவாடை கட்டுகிற வயதிலிருந்து படித்து வாங்கின வேலை இது. எனக்கு வேலையும் வேண்டும், நீங்களும் வேண்டும். அந்த இரண்டு புட்டிக்காக எதை விட என்று நீங்களே எழுதுங்கள்.

சாலோமி


புதுக்கரை,
1912 நவம்பர் 4

பிரியமுள்ள சாலோமிக்கு,

உன் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதைக் கேள்.

நம் தெரு ஆட்கள் கூலிக்குப் போகிற பண்ணையின் கணக்குப்பிள்ளை முத்துசுப்பிரமணிய பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். நம் தெருவுக்குள் கால் வைக்காத மனுஷர், சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வேலியோரம் வந்து நின்று கூப்பிட்டார்.

"ஏலே நேசையா, சீமைச் சரக்கு வச்சிருக்கியாம்லா? நமக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல. மருந்துக்கு ஒரு மடக்கு ஊத்துலே."

"உள்ள வந்து இரிங்க."

"வேண்டாம்லே, இங்கனயே நிக்கேன்."

தம்ளரில் ஊற்றிக்கொண்டு போய் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அதுல நீங்கள்லாம் வாய் வச்சிருப்பிய. புதுச் சிரட்டை ஒண்ணு கெடக்கா பாரு."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. இசக்கித்தாய்க்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய் அன்றைக்கு உடைத்த தேங்காயைச் சுரண்டி, சிரட்டையை வேலிமேல் வைத்தாள். பிள்ளை அதை எடுத்து நீட்டினார். "படாம ஊத்து, பைய ஊத்து" என்றார். படாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். ஒரு சொட்டும் மண்ணில் விடவில்லை. கள்ளுக்கடைக்காரனைவிட எனக்குத் தொழில் தெரியும்.

நினைத்துப் பார், சாலோமி. வேலிக்கு வெளியே பிள்ளை குந்திச் சிரட்டையில் குடிக்கிறார். உள்ளே நம் ஆட்கள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடித் தம்ளரோடு அவரைப் பார்க்கிறார்கள். அப்போது உன் அப்பா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "பைய குடிங்க பிள்ளைவாள், பொரை ஏறிரும்."

அந்தச் சிரட்டையை வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். இனி அவர் எப்போது வந்தாலும் அதில்தான்.

இப்போது உன் கேள்வி. மிஸ்ஸம்மாளுக்குப் பயந்து புட்டியை எடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் உன் வேலையைத் தின்றுவிட்டு நான் எந்த நாற்காலியில் உட்கார? நீ எடு என்றால் எடுத்துவிடுகிறேன். அவர்கள் சொல்லி அல்ல, நீ சொல்லி.

உன்
நேசையா


பாளையங்கோட்டை,
1912 நவம்பர் 25

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

போன வியாழக்கிழமை அப்பா இங்கே வந்தார். ரயிலேறி, ஒற்றையாக. உங்களிடம்கூடச் சொல்லவில்லையாம். கையில் கருப்பட்டிப் பொட்டலம். வாயில் வாசனை இல்லை, கிட்டப்போய்ப் பார்த்துவிட்டேன்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பாதிரி ஐயர்மாரும் துரைமாரும் வந்தால் உட்காருகிற பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. நான் வகுப்பை விட்டு வருவதற்குள் அப்பா அதில் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்தே உட்கார்ந்துவிட்டார். சேவகன் ஓடிவந்து, "எந்திலே, அது பெரியாளுவ இருக்கது" என்று கத்தினான். அப்பா சாவதானமாக, "ஆரும் வாராவளா? வரட்டும். இன்னொண்ணு எடுத்துப் போடு" என்றார்.

மிஸ்ஸம்மாளே வந்துவிட்டார்கள். அப்பா உட்கார்ந்தபடியே கைகூப்பித் "தோத்திரம் அம்மா" என்றார். இது யார் என்று கேட்டார்கள். நான் இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்தே பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நிமிர்ந்து, "என் அப்பா வேதநாயகம்" என்றேன்.

அவர்கள் புட்டிப் பேச்சை எடுத்தார்கள். இந்தத் தடவை நான் விழுங்கவில்லை. "உங்கள் மேசையில் இருந்தால் விருந்து, எங்கள் மேசையில் இருந்தால் பாவமா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். முகம் சிவந்து உள்ளே போனார்கள். மறுநாள் உத்தரவு வந்தது. வேலை போகவில்லை, புட்டியைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. தண்டனையாகப் புதுக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல், குறைந்த சம்பளத்தில். ஒரு உபாத்தியாயினியும் போகச் சம்மதிக்காத ஊராம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குகிற அன்று வருகிறேன். என் பிரதிக்கினை என்னோடு வரும். எனக்கு இஞ்சிச் சோடா. புட்டியை எடுங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் தம்ளர் சட்டத்தை இனி நான் கவனித்துக்கொள்கிறேன். வீட்டில் அடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த முதல் தம்ளரும் இல்லை.

அதற்குமுன் ஒரு காரியம். சிரட்டையை ஆணியிலிருந்து எடுங்கள். பிள்ளை குந்தினதை நினைத்தால் எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் தினமும் அதன் கீழே நுழைந்து நான் வீட்டுக்குள் வரமாட்டேன். அடுத்த தடவை அவர் வந்தால் தம்ளரில் ஊற்றுங்கள். வேண்டாமென்றால் தாகத்தோடு போகட்டும். நம் வீட்டில் சிரட்டை கிடையாது, யாருக்கும்.

உங்கள்
சாலோமி


புதுக்கரை,
1912 டிசம்பர் 15

என் சாலோமிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சிரட்டையை அடுப்பில் வைத்தேன். நல்ல அனல். அதில் காய்ந்த வெந்நீரில் தம்ளர்களையெல்லாம் கழுவினேன்.

போன வாரம் சனிக்கிழமை பிள்ளை வந்தார். தம்ளரை நீட்டினேன். "சிரட்டை எங்கலே?" என்றார். "இந்த வீட்டுல கிடையாது" என்றேன். தம்ளரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். குடிக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் நம் தெரு ஆட்களுக்குப் பண்ணையில் வேலை இல்லை. நடவுக்கு வேறு ஊர் ஆட்களைக் கொண்டுவருகிறார்களாம். எத்தனை நாள் என்று தெரியாது. பிராந்தியும் ஜின்னும் தீர்ந்துவிட்டன. இதுவரை வாங்கி நிரப்பியதுபோல மறுபடி வாங்கக் காசும் இல்லை. நேற்று ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் விளக்கை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்தார்கள். பின்வரிசைப் புட்டிகளைத் திறந்தேன். தேயிலை நாறிப்போயிருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கருப்பட்டி கலந்து தம்ளர் தம்ளராக ஊற்றினேன். "என்ன சரக்குய்யா!" என்று தம்ளரோடு தம்ளரை முட்டிக் குடித்தார்கள்.

உன் அப்பா வேலையில்லாமல் பகலிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். பண்ணை வண்டி தெருமுனையில் போனாலும் எழுந்திருப்பதில்லை. நீ வருகிற சேதியைச் சொன்னேன்.

"வரட்டும் மாப்பிள. ஆனா நான் எந்திச்சு எடங் குடுக்க மாட்டேன். அவளுக்குன்னு ஒண்ணு செஞ்சு வையும்" என்றார்.

செய்துகொண்டிருக்கிறேன். கால்கள் போட்டாயிற்று. நீ வருவதற்குள் பிரம்பு பின்னிவிடுவேன்.

உன்
நேசையா