மிச்சம் இரண்டு செமஸ்டர்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
8 ஜனவரி 2023

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை இந்த வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் இருக்கும் நாற்காலியை, அதாவது நீங்கள் இங்கே இருந்தவரை உங்களுடையதாக இருந்த நாற்காலியை, ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்துவது என்று தீர்மானமாயிற்று. முன்மொழிந்தவளும் வழிமொழிந்தவளும் நான். க்ரிஷ் காதில் ஹெட்ஃபோனுடன் நடுநிலை வகித்தான். வீட்டுத் தலைவரிடம் சொல்லாமல் செய்துவிட்டார்கள் என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது என்பதால் எழுத்தில் தெரிவிக்கிறேன்.

எழுத்தில் தெரிவிக்க இன்னொரு காரணமும் உண்டு. வீடியோவில் பேசும்போது உங்கள் கண் பக்கத்து மானிட்டருக்குப் போய்விடுகிறது. "ம்" என்கிறீர்கள். அந்த "ம்" எனக்கா ஆபீசுக்கா என்று தெரிவதில்லை. போன தீபாவளியன்று, பாத்திரம் கழுவும் மெஷின் ஒழுகுகிறது என்றதற்கு "லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்" என்று மீட்டிங்கில் ஒத்திப்போடுவதுபோலச் சொன்னீர்கள். கடிதமென்றால் படித்துத்தான் ஆகவேண்டும்.

நாற்காலி ஏன் நகர்ந்தது என்றால், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. நான் படிக்கப் போகிறேன்.

க்ரிஷுக்காக விசாரிக்க இங்குள்ள கம்யூனிட்டி காலேஜுக்குப் போயிருந்தோம். அங்கே ஆலோசகர் அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்றார். இருபத்தோரு வருஷமாக அந்தக் கேள்விக்கு நம் கல்யாணப் பத்திரிகைதான் பதில் சொல்லிவந்தது. அன்று அது கைவசம் இல்லை. மூன்று வருஷம் இன்ஜினியரிங், நான்காம் வருஷம் கல்யாணம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மூன்று வருஷம் எங்கேயும் போய்விடவில்லை என்றார். படித்ததை இங்கே க்ரெடிட்டாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம். குறைவதில் கொஞ்சத்தைக் கம்யூனிட்டி காலேஜிலும் மீதியை அரசுப் பல்கலைக்கழகத்திலும் முடித்தால் பட்டம். டெக்சஸில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணமும் குறைவு. ஒரு வகுப்புக்கு ஆவது, க்ரிஷ் பத்தாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கிய ஷூவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஓர் உதவி வேண்டும். கோயம்புத்தூரில் என் கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் வாங்கி அனுப்ப வேண்டும். கோபியிலிருந்து உங்கள் அப்பா ஒரு நடை போய்வந்தால் நல்லது. உறையை யாரும் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

வான்மதி

*

பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி
22 ஜனவரி 2023

அன்புள்ள மதி,

உன் கடிதம் கிடைத்தது. நீ எனக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு நாற்காலியைப் பற்றியதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி விஷயத்தில் ஆட்சேபணை இல்லை.

படிப்பிலும் ஆட்சேபணை இல்லை. ஆனால் நீ யோசிக்காத ஒன்று உண்டு. பத்திரிகையில் அப்பா "வான்மதி பி.இ." என்று போட்டபோது நீ மூன்றாம் வருஷம்தான் முடித்திருந்தாய். அது அவருக்கும் தெரியும். "முடிக்காமயா போயிருவா" என்று சொல்லி அச்சாபீஸில் கொடுத்துவிட்டார். பிறகு விசா வந்தது, நீ என்னோடு வந்துவிட்டாய். அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் நம் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பி.இ. வந்தது. கோயில் நன்கொடைப் பலகையிலும் வந்தது. இப்போது போய் முதல் பட்டம் முடிக்கிறாள் என்றால், அப்போ பலகையில் இருப்பது யார் என்று கேட்பார்கள்.

அதனால் ஒரு வழி செய்திருக்கிறேன். ரயிலில் என்னோடு வரும் சந்தானம், "மேடம் எப்ப சார் இங்க மூவ் பண்றாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். டெக்சஸில் எம்.எஸ். படிக்கிறாள், முடிந்ததும் வருவாள் என்று சொல்லிவிட்டேன். இதில் பொய் குறைவு. நீ டெக்சஸில் இருப்பது உண்மை, படிப்பது உண்மை, வரப்போவதும் உண்மை. அப்பாவிடமும் அதையே சொன்னேன். மகிழ்ந்துபோய் நாளைக்கே கோயம்புத்தூர் போகிறேன் என்றார்.

நான் வேலை மாறி இங்கே வந்தபோது, க்ரிஷ் பள்ளி முடித்ததும் அந்த வீட்டை விற்றுவிட்டு நீ வருவதாகத்தான் பேச்சு. அதை நம்பித்தான் இரண்டு படுக்கையறை வீடாக எடுத்தேன். ஒன்று சும்மா கிடக்கிறது.

உன்
கதிர்வேல்

*

ஃபிரிஸ்கோ
16 ஏப்ரல் 2023

அன்புள்ள உங்களுக்கு,

மதிப்பெண் பட்டியல் வந்தது. முத்திரையிட்ட உறை வரவில்லை.

மாமா கூட்டுறவு சங்கத்தில் செயலராக இருந்தவர். திறந்து பார்க்காமல் எதையும் மேலே அனுப்பிப் பழக்கமில்லை. முத்திரையை உடைத்து, ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பிள்ளையார் முன்னால் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, காய்ந்ததும் லேமினேட் செய்து அனுப்பியிருக்கிறார். என் மூன்று வருஷத்தை இனிமேல் தண்ணீரில் போட்டாலும் நனையாது.

க்ரெடிட்டை மதிப்பிடும் நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. உறை திறக்கப்பட்டிருக்கிறது, தவிரவும், தாள்களின் மூலைகளில் இன்னதென்று தெரியாத மஞ்சள் நிறப் பொருள் காணப்படுகிறது, ஆகவே ஏற்பதற்கில்லை என்று பணிவாக எழுதியிருக்கிறார்கள். அது நல்ல காரியத்துக்கான பொருள் என்று விளக்கம் எழுதத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்தக் காலேஜ்காரன் சரியில்ல. ஆறு செமஸ்டருக்குத்தான் மார்க் போட்டிருக்கறான். எங்க புள்ளையோட மிச்சம் ரெண்டு செமஸ்டர எங்கடா வெச்சிருக்கறீங்கன்னு பிரின்சிபால் ரூம் வரைக்கும் போயி சத்தம் போட்டுட்டுத்தான் வந்தேன்."

"மாமா, அந்த ரெண்டும் அவங்ககிட்ட இல்லீங்க. நான் படிக்கவே இல்லீங்க."

"அதெப்படி? பத்திரிகையிலயே போட்டிருக்குதல்ல?"

"அது நீங்க போட்டதுங்க மாமா."

"அதான் இப்ப எம்.எஸ். படிக்கறயாமல்ல. அது வந்துட்டா இத எவன் கேக்கப் போறான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. தான் அச்சடித்ததைத் தானே இருபது வருஷம் படித்து நம்பிவிட்டார். நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: மாமாவிடமும் சந்தானத்திடமும் சொன்னதைத் திருத்திவிடுங்கள். நான் எம்.எஸ். படிக்கவில்லை. என் முதல் பட்டத்தை முடிக்கிறேன்.

இன்னொரு பட்டியலைக் கல்லூரியே நேராக அந்த நிறுவனத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். அது பிள்ளையாரைப் பார்க்காமலே வரும்.

வான்மதி

*

பிளெய்ன்ஸ்பரோ
21 மே 2023

அன்புள்ள மதி,

அப்பாவிடம் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க வேண்டாம். காலை நடைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். வழியில் யாராவது உன் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயப்படுகிறார்.

சந்தானத்திடம் திருத்துவதும் எளிதல்ல. அவன் வீட்டில் போய்ச் சொல்ல, அவன் மனைவி அனந்தலக்ஷ்மி, மதி அக்காவே இந்த வயதில் படிக்கும்போது எனக்கென்ன என்று வேலையை விட்டுவிட்டு எம்.எஸ். சேர்ந்துவிட்டாள். சேர்ந்து, பணமும் கட்டியாயிற்று. இந்த நிலைமையில் நான் என்ன சொல்வது?

நியூஜெர்சியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. க்ரெடிட்டை மாற்றலாம் என்று நீதானே எழுதினாய். இங்கே மாற்றிக்கொண்டு வந்துவிடு. சும்மா கிடந்த அறையில் ஜன்னல் ஓரமாக உனக்கு ஒரு மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன். நானே பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது, ஆனால் ஆடவில்லை. வெளியே பார்க்கிங் லாட். அதற்கப்பால் ஒரு குளம், வாத்துகள் வரும்.

சனிக்கிழமை வைக்கும் ரசத்தைப் புதன்கிழமை வரை சாப்பிடுகிறேன். தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் போனில் சொன்னதில்லை என்பதால் எழுதுகிறேன்.

உன்
கதிர்வேல்

*

ஃபிரிஸ்கோ
10 செப்டம்பர் 2023

அன்புள்ள உங்களுக்கு,

மதிப்பீடு வந்துவிட்டது. நான் ராத்திரி முழுக்க ஷீட் மேல் ஷீட்டாகக் கோடு போட்ட இன்ஜினியரிங் டிராயிங்கை நுண்கலையில் சேர்த்திருக்கிறார்கள். ஒர்க்ஷாப்பில் இரும்பை அரம் வைத்து ராவினேனே, அது உடற்பயிற்சியாம். தெர்மோடைனமிக்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் "இதர விருப்பப் பாடம்" என்று ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்ஜினியரிங்தான் வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொதுப் படிப்பில் பட்டம் என்றால் பாதிக்கு மேல் தேறும் என்றார்கள். பொதுவாகவே இருக்கட்டும் என்றேன். இப்போது நான் அதிகாரபூர்வமாக மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கே இறங்கினேனோ அங்கேயே வந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

க்ரிஷ் ஆஸ்டினில் முதலாண்டு சேர்ந்துவிட்டான். "டெக்னிக்கலி யூ ஆர் மை சீனியர், மா" என்கிறான். என் கட்டுரையில் கமா போட வேண்டிய இடங்களை அவன் திருத்துகிறான். துணி துவைத்தானா என்று நான் கேட்கிறேன்.

நியூஜெர்சிக்கு மாற்றுவது பற்றிக் கேட்டேன். கடைசி முப்பது க்ரெடிட்டை ஒரே இடத்தில் படித்தால்தான் அந்த இடம் பட்டம் தரும். அங்கே வந்தால் மறுபடியும் மதிப்பீடு, வெளிமாநிலக் கட்டணம். அங்குள்ளவர்கள் என் டிராயிங்கைக் கலை என்று ஒப்புக்கொள்வார்களா என்பதும் தெரியாது. ஒரு தடவை உங்களுக்காகப் பாதியில் இறங்கியிருக்கிறேன். மறுபடியும் இறங்கச் சொல்லாதீர்கள்.

மேசையின் படம் பார்த்தேன். பிடித்திருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் டிசம்பரில் முடிகிறது, முடித்துவிட்டு வருகிறேன். அதுவரை வீட்டை விற்கும் பேச்சு வேண்டாம்.

சந்தானத்திடம் சொல்லிவிட்டீர்களா?

வான்மதி

*

பிளெய்ன்ஸ்பரோ
6 அக்டோபர் 2024

அன்புள்ள மதி,

அக்கா மகள் கயலுக்குக் கோபியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கார்த்திகையில் கடைசி முகூர்த்தம், வியாழக்கிழமை. உன் பட்டமளிப்பு அந்தச் சனிக்கிழமை என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது பஞ்சாங்கத்தில் இல்லை.

பத்திரிகையை இணைத்திருக்கிறேன். தாய்மாமன் என்று முதலில் நம் பெயர்தான்: "கதிர்வேல் எம்.எஸ். (யு.எஸ்.ஏ.) – வான்மதி பி.இ., எம்.எஸ். (யு.எஸ்.ஏ.)". முடிக்காமலா போய்விடுவாள் என்றார் அப்பா. மறுபடி நடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அதனால் நான் தடுக்கவில்லை.

சான்றிதழ் எப்படியும் தபாலில் வந்துவிடும். தாய்மாமன் சீருக்குப் பக்கத்தில் மனைவி நிற்க வேண்டும். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மேசை அப்படியே இருக்கிறது.

உன்
கதிர்வேல்

*

ஃபிரிஸ்கோ
10 நவம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

என் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். கயலிடம் பேசிவிட்டேன். "நீங்க போயி வாங்குங்க அத்தை, நான் போன்ல பாக்கறேன்" என்றாள். கல்யாணப் பெண் ஒருத்திதான் இதைச் சுலபமாக எடுத்துக்கொண்டாள்.

மாமாவிடமும் பேசினேன். அச்சில் போனது போனதுதான் என்று முதலில் சொன்னார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "பேருக்குப் பின்னால ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா ஆச்சு. கதிர் ஒரு வார்த்தை சொன்னா ஒட்டிடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை உங்களிடம் இருக்கிறது.

வியாழன் முகூர்த்தம் முடிந்து அன்றிரவு கோயம்புத்தூரில் ஏறினால் சனிக்கிழமை காலை டாலஸில் இறங்கலாம். நேரமெல்லாம் பார்த்துவிட்டேன். இத்துடன் அரங்கத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். இதை நீங்கள் திறக்கலாம்.

பக்கத்தில் உட்காருகிறவர்கள், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். என் மனைவி, இது அவளுடைய முதல் பட்டம் என்று சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு, நியூவார்க் விமானத்தில் நமக்கு இரண்டு இடம் பதிவு செய்திருக்கிறேன். வீட்டை விற்பது பற்றி வழியில் பேசிக்கொள்ளலாம்.

வான்மதி

*

பிளெய்ன்ஸ்பரோ
19 ஜனவரி 2025

அன்புள்ள மதி,

கயல் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சீருக்கு என் பக்கத்தில் சித்தி நின்றார். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். எம்.எஸ். பட்டமளிப்பு, அதனால் வர முடியவில்லை என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்டிக்கர் வேலைக்கு நேரம் கிடைக்கவில்லை. வியாழன் இரவு விமானத்தில் இடம் இருந்தது. மறுநாள் மறுவீடு விருந்து இருந்ததால் தங்கிவிட்டேன்.

க்ரிஷ் படங்களை அனுப்பினான். கறுப்பு அங்கி உனக்கு நன்றாக இருக்கிறது. அவனுக்குப் பக்கத்துக் காலி இருக்கையில் யாரோ கோட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் பயணம் செய்யவில்லை என்பதை விமான நிறுவனம் எனக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தது.

அனந்தலக்ஷ்மி எம்.எஸ். முடித்துவிட்டாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு மேசை தேவைப்பட்டது. சந்தானம் வந்து எடுத்துப்போனான். அந்தத் திருகாணியையும் தேடிக் கொடுத்துவிட்டேன்.

இந்த மாதத்தோடு இந்த வீட்டின் ஒப்பந்தம் முடிகிறது. இதே வளாகத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாறுகிறேன். இனி எழுதினால் கீழே உள்ள முகவரிக்கு எழுது.

கதிர்வேல்

கட்டடம் 14, வீட்டு எண் 6
பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி