இல்லாத துண்டு

இஞ்சாருங்கோ,

நீங்கள் போன் எடுக்காததால் இதை உங்கள் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கொட்டாஞ்சேனையில் அவனுடைய வீட்டில் எவ்வளவு நாளைக்குத்தான் இருப்பீர்கள்?

உங்கள் வை குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை என்று டொக்டர் சொன்னபோது அசையாமல் இருந்தீர்கள். சின்ன ஒப்பரேஷன் செய்தால் விந்தணு கிடைக்கலாம் என்றபோது என் கையைப் பிடித்தீர்கள். "மகன் பிறந்தால் அவருக்கும் இந்தக் குறை வரும்" என்றதும் எழுந்து போய்விட்டீர்கள். அதன்பிறகு டொக்டர் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். மற்றப்படி அந்தப் பிள்ளை சுகமாக வளருமாம்.

நேற்று மாமி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல பிள்ளை தங்கவென்று எனக்குக் கஷாயம் காய்ச்சித் தந்தார். நான் குடிக்கவில்லை.

"மாமி, குறை என்னட்ட இல்லை. அவருக்குப் பிறக்கேக்கையே இருந்தது. அது ஒருத்தற்றை பிழையுமில்லை."

மாமி கஷாயத்தை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினார். பிறகு, "என்ர மகன் அங்க ஒழுங்காச் சாப்பிடுறானோ?" என்று மட்டும் கேட்டார்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கோபப்படுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து கோபப்படுங்கள்.

புதன்கிழமை டொக்டரைப் பார்க்க நேரம் எடுத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் நானே அங்கு வந்து கூட்டிப்போவேன்.

உங்களைப் போல ஒரு மகன் பிறந்துவிடுவானோ என்றுதானே பயப்படுகிறீர்கள்? அந்தத் துண்டு இல்லாத மனிதரைத்தான் நான் விரும்பிக் கட்டினேன். அதே மாதிரி இன்னொருவன் வந்தால் எனக்கென்ன குறை?

உங்கள் மனைவி